வடிவு மாற்றிச் சொன்ன சொல்

கஞ்சியை இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். முதலில் கம்பிச் சல்லடையில், அப்புறம் வெள்ளைத் துணியில். துணியின் ஒரு பக்கத்து முனைகளைச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுபக்கத்தைச் சண்முகவடிவு இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அவள் கணவன் இசக்கிப்பாண்டி அண்டாவிலிருந்து மோந்து மோந்து ஊற்றுவான். ஆவி முகத்தில் அடிக்கும். கேழ்வரகு, பொரிகடலை, பாசிப்பருப்பு, கேரட் எல்லாம் கரைந்து பாலைப்போல இறங்க வேண்டும். ஒரு சின்னத் திப்பி தங்கினால்கூட, குடிக்கப் போகிறவரின் மூக்கு வழியாகச் செருகியிருக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் தினமும் காலையில் நடக்கிற வேலை இது. வேலை முடிந்ததும் மூடி போட்ட எவர்சில்வர் கேன்களோடு பரேலுக்குக் கிளம்புவார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் தர்மசாலைகளிலும் நடைபாதைகளிலும், வாயில் புற்று வந்து மெல்ல முடியாமல் கிடப்பவர்கள் ஏராளம். பீகார், வங்காளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். நம் ஊர்ப்பக்கத்து ஆட்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கஞ்சி. காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். முடியாதவர்களைப் பார்த்தால் இசக்கிப்பாண்டி, குடி என்று கையை ஆட்டுவான்.

கையை ஆட்டித்தான் சொல்ல முடியும். அவனுக்கு இடப்பக்கத் தாடை கிடையாது.

ஒரு காலத்தில் அவன் தோல்பை தைக்கிற பட்டறையில் நல்ல கைவேலைக்காரன். ஆர்டர் நெருக்கும்போது பசியும் தூக்கமும் தெரியாமல் மெஷினை மிதிக்க வேண்டும். அதற்குக் குட்கா கைகொடுத்தது. முதலில் மத்தியானத்துக்கு ஒரு பாக்கெட். பிறகு டீக்குப் பதில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பதில் ஒன்று. கடைசியில் தூங்கும்போதும் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் படுத்தான். அரசாங்கம் தடை போட்டது. பான் விற்கிற பெட்டிக்கடைக்காரன் பாக்கெட்டைத் தட்டுக்கு அடியில் மறைத்து வைத்து விற்றான். வாங்குகிறவனுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. பாக்கெட்டில் அழுகிய வாயின் படம் போட்டிருப்பார்கள். அது யாரோ ஒருவன் வாய் என்று நினைத்தபடி இசக்கிப்பாண்டி கிழித்து வாயில் கொட்டிக்கொள்வான்.

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்து, வாய் திறப்பது குறைந்து, புண்ணாகி, புண் ஆறாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாடையைப் பாதி எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையை அறுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தவன்தான். பட்டறைக்குப் போகவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பேச முயன்றால் உதடுகள் ஒட்டாது. பேச்சு வெறும் காற்றாக வந்தது. குழாய் வழியாக வடிவு ஊற்றுவதைக்கூடப் பல நாள் தட்டிவிட்டான். அலமாரி மேலிருந்த இசக்கியம்மன் படத்தை ஒரு நாள் அவனே எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். வடிவு அதைத் திரும்ப நேராக்கவில்லை. அவளுக்கும் அப்போது கும்பிடத் தோன்றவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. சந்துமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. குழாயை எடுத்து நாளாகியும் வாயால் ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுங்கப் பயந்துகொண்டிருந்தவனை வடிவு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் கூட்டத்துக்கு வெளியே, ஒரு தகரக் கூரையின் கீழ் நின்றான். அவள் சொம்பில் கூழ் வாங்கி வந்து நீட்டினாள். வாங்கமாட்டான் என்றுதான் நினைத்தாள். அவன் வாங்கினான். தலையை வலப்பக்கம் சாய்த்து, மெல்ல ஊற்றிக்கொண்டான். பாதி கழுத்து வழியாக வழிந்தது. மீதி உள்ளே இறங்கியது.

அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கோவிலைப் பார்த்து, "அன்னா" என்றான். உதடு ஒட்டாததால் அம்மா என்பது அப்படித்தான் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மூடாத முகத்தோடு, "அன்னா, அன்னா" என்று அழுதான். அன்றைக்குப் பிறகு அவன் முகத்தை மூடவில்லை.

அந்தக் கூழில் பிறந்ததுதான் இந்தக் கஞ்சி வியாபாரம். தன்னை உயிரோடு விட்டதற்கு அம்மன் ஏதோ வேலை வைத்திருக்கிறாள் என்று அவன் நம்பினான். நான் முழுங்கினதைப் போல இன்னொருத்தனும் முழுங்கட்டும் என்று வடிவிடம் சொன்னான். குளித்து, விளக்கேற்றி, முதல் அகப்பைக் கஞ்சியை, மறுபடி நேராக்கி வைத்த இசக்கியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கேன்களில் ஊற்றுவார்கள். புகையிலை போட்ட வாயோடு யாரும் அண்டாவைத் தொடக்கூடாது என்று அவன் கட்டளை போட்டான். இரண்டு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரி ஆயாக்களே நோயாளிகளை அவர்களிடம் அனுப்பத் தொடங்கினார்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் அவர்கள் நிற்கும் இடத்துக்கு, கஞ்சிக்கார மதராஸி இடம் என்றே பெயர் வந்துவிட்டது.

அவன் பேசுவது வடிவுக்கு மட்டும்தான் புரியும். எழுதிக் காட்ட அவனுக்கு எழுத்தும் தெரியாது. அவன் சொல்வான், அவள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். நாளாவட்டத்தில் அவளிடம் ஒரு பழக்கம் படிந்தது. மளிகைக்காரனை அவன் கோபமாகத் திட்டினால், "அடுத்த தடவ நல்ல பருப்பாப் பாத்துக் குடுங்கன்னு சொல்லுதாவ" என்பாள். மீனில் முள்ளை எடுத்துவிட்டுக் குழந்தைக்கு ஊட்டுவதைப்போல, அவன் பேச்சிலிருந்து முள்ளை எடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்தாள். அதனால் பல சண்டைகள் வராமல் போயின. வடிவு இருப்பதால்தான் தொழில் ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கேன்களைப் பரேலுக்குக் கொண்டுபோகிறவன் இசக்கிப்பாண்டியின் தம்பி மாரிக்கண்ணன். சின்ன டெம்போ ஒன்று வைத்து ஓட்டினான். வடாலாவிலிருந்து காலையில் வந்து, அண்ணனுக்காக முதல் நடை அடித்துவிட்டுத்தான் தன் சவாரிக்குப் போவான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வளர்த்த பிள்ளை. பட்டறைக்கு முதலில் கூட்டிப்போனதும் அண்ணன்தான். ஒரு நாள் வேலை மும்முரத்தில், தூங்கி வழிந்த தம்பியின் உள்ளங்கையில் தன் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டி, போட்டுக்கோ, தூக்கம் போயிரும் என்று சொன்னதும் அதே அண்ணன்தான்.

மாரிக்கண்ணன் இப்போது, பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிச் செய்கிற மாவாவுக்கு மாறியிருந்தான். சந்துக்குள் வரும்முன் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, கேன்களை ஏற்றுவான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் அதக்கிக்கொள்வான். பின்னால் புற்றுநோய்க்காரர்களுக்கான கஞ்சி தளும்பிக்கொண்டு வரும். தாடை இல்லாதவர்களைத் தினமும் பார்க்கிறவன் அவன். பார்த்துப் பார்த்து அவனுக்கு அவர்களும் பாக்கெட்டில் போட்ட படம் மாதிரி ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது.

அவன் மனைவி பிரேமலதா செம்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா நயினார் திலக் நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு ஹாலில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனமும் கையில் வளையலுமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கலந்த சாதங்கள் இலைக்கு வந்தன. யாரோ ஒரு பெண், மாப்பிள்ளைக்கு முழு லட்டையும் ஊட்ட வேண்டும் என்று பிரேமலதா கையில் கொடுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள்.

மாரிக்கண்ணனால் வாயைத் திறக்க முடியவில்லை. சிரித்தபடியே லட்டைக் கையில் வாங்கி, உதிர்த்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினான். ஊறுகாயையும் வற்றல் குழம்பையும் தொடவே இல்லை. கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இசக்கிப்பாண்டி மட்டும் இலையிலிருந்து எழுந்தான். தம்பியின் முகவாயைப் பிடித்துத் தன் விரல்களை அவன் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தான். ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. தன் வாய் மூடிக்கொண்டு வந்த நாட்கள் அவனுக்கு மறந்திருக்குமா?

அவன் பிரேமலதா பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினான். எச்சில் வழிந்தது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

வடிவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இவன் வாயில புத்து வந்துட்டு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாட்டா செத்துப்போவான். நாந்தான் இவனுக்கு மொதப் பாக்கெட்டப் பிரிச்சுக் குடுத்த பாவி. நீயாவது இவனக் காப்பாத்து தாயி. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிரேமலதா பயந்துபோய் வடிவைப் பார்த்தாள். "அக்கா, அத்தான் என்ன சொல்லுதாவ?"

வடிவு அந்தச் சந்தனம் பூசிய முகத்தைப் பார்த்தாள். மேடிட்ட வயிற்றைப் பார்த்தாள். சுற்றி நின்ற சம்பந்தி வீட்டுப் பெண்களைப் பார்த்தாள். வளையல் போட்ட வீட்டில் சாவைப் பற்றிப் பேசுவதா?

"ஒண்ணுமில்லம்மா. தம்பிய உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுதாவ. புள்ள பொறக்கப் போவுதுல்லா, அந்தச் சந்தோசத்துல அழுகை வந்துட்டு."

இசக்கிப்பாண்டி இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். நெற்றியில் அடித்துக்கொண்டான். நயினார் எழுந்து வந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று எல்லோருக்கும் கேட்கும்படி வியந்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் பேச்சு மாரிக்கண்ணனுக்குப் பாதியாவது புரிந்திருக்க வேண்டும். அவன் வடிவை ஒரு பார்வை பார்த்தான். காப்பாற்றினீர்கள் மதினி என்று சொல்லும் பார்வை. அந்தப் பார்வைதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

வீட்டுக்கு வந்ததும் இசக்கிப்பாண்டி அவளைத் திட்டவில்லை. நாளைக்கே பிரேமலதாவிடம் போய் உள்ளது உள்ளபடி சொல் என்று மட்டும் சொன்னான். சொல்கிறேன் என்றாள். மறுநாள் பிரேமலதாவுக்கு ரத்தக்கொதிப்பு கூடியிருப்பதாகச் செய்தி வந்தது. இந்த நேரத்தில் போய்ச் சொல்லி ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? பிரசவம் முடியட்டும் என்று வடிவு தள்ளிப்போட்டாள். அதில் சுயநலம் எதுவும் இல்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

இசக்கிப்பாண்டி தம்பியை நேராகவே பிடித்தான். பரேலில் கேன் இறக்கும்போது கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இழுத்தான். மாரிக்கண்ணன் கையை உதறிக்கொண்டு, பார்ட்டி காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்த வாரத்திலிருந்து முதல் நடைக்கே வரவில்லை. வேறு ஆளை அனுப்பினான். அண்ணன் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயம்.

ஒரு நாள் இசக்கிப்பாண்டி யாரிடமும் சொல்லாமல் தனியாகத் திலக் நகருக்குப் போனான். அவர்கள் உட்காரவைத்தார்கள். காப்பியை ஆற்றி அகலத் தம்ளரில் கொடுத்தார்கள். அவன் பேசினான், கையால் காட்டினான். யாருக்கும் விளங்கவில்லை. பிரேமலதா வடிவுக்கு போன் செய்து, அத்தான் ஏதோ சொல்லுதாவ, ஒண்ணும் வெளங்கல என்று சொல்லி, போனை அவன் வாய்ப்பக்கம் பிடித்தாள். வடிவுக்கு அவன் குரல் கேட்டது. சொல்லுட்டி, இப்பவாவது சொல்லிரு என்று அவன் கெஞ்சினான்.

"உன்னப் பாக்கணும்னு ஆசப்பட்டு வந்திருக்காவம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றாள் வடிவு.

அவன் பஸ் ஏறித் திரும்பி வந்தான். அதற்குமேல் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கின் முன் உட்காரும் நேரம் மட்டும் கூடிப்போனது.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற சடங்குக்கே மாரிக்கண்ணன் ஒரு பக்கக் கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் வந்தான். பல்வலி என்றான். பிறகு ஒரு நாள் தண்ணீர் குடிக்கும்போது அது கன்னத்து வழியாக வெளியே சொட்டியது. அப்போதுதான் பிரேமலதா அலறிக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் அவள் இடுப்பில் இருந்த குழந்தையைக் காட்டி, இது வயிற்றில் இருந்தபோதே கூட்டி வந்திருந்தால் நிலைமை வேறு என்றார். வடிவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். பிரேமலதா, எனக்குத் தெரியாதே டாக்டர், யாருமே சொல்லலியே என்று அழுதாள். வடிவு தரையைப் பார்த்தாள்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் புற்று கழுத்துக்கு இறங்கியிருந்தது. வார்டில் கிடந்த கொழுந்தனுக்கு வடிவு தனியாகக் கஞ்சி வடித்துக் கொண்டுபோனாள். மூன்று தடவை வடிகட்டுவாள். குழாயில் அவள் ஊற்ற ஊற்ற அவன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான். அவன் பேச்சும் போயிருந்தது. அண்ணனைப் போலவே வெறும் காற்றாக ஏதோ வந்தது. பிரேமலதா அந்தக் காற்றைக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு அது விளங்கத் தொடங்கியது. தண்ணி வேணுங்காவ, புள்ளையைப் பக்கத்துல படுக்கப் போடச் சொல்லுதாவ என்று நர்ஸிடம் எடுத்துச் சொன்னாள். வடிவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மாரிக்கண்ணன் போய்விட்டான். சயான் சுடுகாட்டில் எரித்தார்கள். குழந்தைக்கு அப்போது தவழவும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் வடாலா வீட்டில் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்கள். வடிவு அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாலை போட்ட படத்தின் முன்னால் இசக்கிப்பாண்டி தரையில் உட்கார்ந்து தம்பியோடு பேசிக்கொண்டிருந்தான். தன் பேச்சு வடிவைத் தவிர யாருக்கும் புரியாது என்ற நினைப்பு அவனுக்கு. அதனால் மனதைத் திறந்து பேசினான். வளைகாப்பு அன்னைக்கே சொன்னேனல, ஒன் வாயில புத்து வந்துட்டுன்னு. இப்பவே கூட்டிட்டுப் போகாட்டா செத்துருவன்னு சொன்னேனல. திலக் நகர் வரைக்கும் போய்க் கெஞ்சுனேனல.

சுவரோரமாகக் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பிரேமலதாவின் கை நின்றது.

"அத்தான், என்ன சொன்னீய?" என்று கேட்டாள்.

இசக்கிப்பாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான். அடுக்களையில் வடிவின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அவன் இல்லை, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். மனைவியைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் பிரேமலதாவுக்கு வேண்டியது புரிந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு அத்தான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

வடிவு சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல், முள் எதையும் எடுக்காமல், அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். திலக் நகர் போனையும் சொன்னாள். சொல்லி முடித்துக் காலில் விழப் போனாள். பிரேமலதா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நீங்க சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரான்னு தெரியாது அக்கா. நான் கேட்டிருப்பேன்" என்றாள். அழவில்லை. "என்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு நெனச்சீங்க. இப்ப நான் எப்படி இருக்கேன், பாருங்க."

அவ்வளவுதான் பேசினாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வெளியே வந்தார்கள்.

அதன்பிறகு சில நாள் தாராவி வீட்டில் அடுப்பு எரியவில்லை. விளக்கும் ஏற்றவில்லை. என்னைத் திட்டு, அடி, ஏதாவது செய் என்று வடிவு கணவனிடம் கெஞ்சினாள். அவன், நான் குடுத்தேன், நீ மறைச்ச, ரெண்டு பேரும் சேந்துதான் சொமக்கணும் என்றான். பிறகு ஒரு காலையில் அவன் குளித்துவிட்டு அம்மன் படத்தைத் துடைப்பதைப் பார்த்தாள். எந்த மனதோடு கும்பிடுகிறாய் என்று கேட்டாள். நான் அம்மாட்ட கோவிச்சிக்கிட்டு இருந்தா, அங்க குழாயோட காத்துக் கெடக்கவனுக்கு யாரு ஊத்துவா என்று சொல்லிவிட்டு அவன் கேழ்வரகு மூட்டையை அவிழ்த்தான்.

பிரேமலதா வருவாள் என்று வடிவு எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு அவள் ஒரு நாள் பரேலுக்கு வந்து நின்றாள். வேலை கேட்டாள். இசக்கிப்பாண்டி ஒரு கேனையும் அகப்பையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். அன்றிலிருந்து அவளும் தொழிலில் பங்காளி. நோயாளிகள் பேசுவது அவளுக்கு விளங்கியது. அவர்களுடைய மனைவிமாரை ஓரமாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படிக் குழாயைக் கழுவுவது, எந்தக் கவுண்டருக்குப் போவது என்று இந்தியில் சொல்லிக்கொடுப்பாள். வடிவோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசுவாள். கேன் எடுங்க, மூடி எங்க, அவ்வளவுதான். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வடிவு அதைக் கேட்டுப் பெறவும் முயலவில்லை.

இப்போது கேன்களை ஏற்றிப்போகிறவன் வெயிலுமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், நல்ல பையன். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் ராப்பகலாக வண்டி ஓட்டினான். ஒரு காலையில் வடிவு கொடுத்த டீயை ஒரு வாய் வைத்துவிட்டு, எரியுது என்று கீழே ஊற்றிவிட்டான். இசக்கிப்பாண்டி அவனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னான். பாதிதான் திறந்தது. உள்ளே கன்னம் வெளுத்திருந்தது. வெயிலுமுத்து சிரித்து மழுப்பினான். கல்யாணம் முடியட்டும் அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அன்று மத்தியானமே வடிவு சேலையை மாற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. வெயிலுமுத்துவின் மனைவி பிரபாவதி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மாவிலை கட்டியிருந்தது. சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் புதுச் சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள். உன் புருசன் வாய் மூடிக்கிட்டு வருது, உள்ள வெளுத்திருக்கு, இன்னைக்கே காட்டணும், விட்டா ஆளு தங்காது.

பிரபாவதியின் முகம் சிவந்துவிட்டது. "கல்யாண வீட்டுக்குள்ள வந்து இப்படித்தான் பேசுவீயளா? நல்ல வார்த்தை வாயில வராதா ஒங்களுக்கு?" என்றாள். அந்தப் பெண்கள் சேலையை மடித்து வைத்துவிட்டு முறைத்தார்கள்.

வடிவு எழுந்திருக்கவில்லை.

"நல்ல வீட்டுல கெட்ட வார்த்தை பேசக்கூடாதுன்னு நானும் ஒரு நாள் மாத்திச் சொன்னேன். வளையல் போட்ட புள்ள முன்னால சந்தோசமாச் சொன்னேன். அந்தப் புள்ள இப்ப தாலி இல்லாம, பரேல் ரோட்டுல கஞ்சி ஊத்திக்கிட்டு நிக்கி. போதை போடுதவன மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய? தெரிஞ்சிருந்தும் வீட்டுக்குள்ள மூடி வைக்கமே, நாமளும் சேந்துதான் அவனக் கொல்லுதோம். நீ என்ன வையி, வெளிய புடிச்சுத் தள்ளு. நான் சொல்ல வந்தத நேராச் சொல்லாமப் போகமாட்டேன்."

எண்ணெயில் முறுக்குக் கருகிக்கொண்டிருந்தது. பிரபாவதி குனிந்து அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த வாசல்ல சீட்டு எழுதணும்னு சொல்லுங்க. நானே கூட்டிட்டு வாரேன்" என்றாள்.